சரத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தல்

சரத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தல் என்பது, கணினி நிரலாக்கத்தில், ஒரு சரத்தில் அடங்கியுள்ள எழுத்துகளுள் வேண்டிய ஒன்றையோ, தொடர்ச்சியான சிலவற்றையோ தனியே பெறும் செயல்பாடு ஆகும். பொருள் நோக்கு நிரலாக்க மொழிகளில் சரம் ஒரு பொருளாகவும், இச்செயல்பாடு அப்பொருளின் வகுப்பில் வரையறுக்கப்பட்ட ஒரு வழிமுறையாகவும் அமைகின்றது. ஆங்கிலச் சரங்களில் மிக எளியதாகத் தோன்றும் இச்செயல்பாடு தமிழ்ச் சரங்களில் அவ்வாறு அமைவதில்லை. தமிழ் இலக்கணம் ஓர் எழுத்து என்று எண்ணுவதும், கணினி ஓர் எழுத்து என்று எண்ணுவதும் வேறு வேறாக இருப்பதே இதற்குக் காரணம்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருக்க, இக்கட்டுரையில் தமிழ் இலக்கணம் கூறும் எழுத்து 'எழுத்து' என்றும், கணினி தன் நினைவகத்தில் தனித்தனியே எண்ணும் அலகு 'குறியுரு' என்றும் வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் வகுப்பை 'இனக்குழு' என்று குறிப்பிடுகின்றன.

சரமும் பொருளும்

சரம் என்பது குறியுருக்களின் வரிசை. சி மொழியில் சரம் எனத் தனியே ஒரு தரவினம் இல்லை. குறியுருக்களின் அணி ஒன்றின் இறுதியில் சுழியத்தை இட்டு, அதனையே சரமாகக் கொள்வர். அணியின் எல்லைக்கு அப்பால் உள்ள இடத்தைப் படிக்க முயன்றாலும் மொழி அதனைத் தடுப்பதில்லை. இதனால் விளைந்த பிழைகளும் பாதுகாப்புக் குறைபாடுகளும் பல.

பொருள் நோக்கு மொழிகளில் சரத்தின் உள்ளடக்கம் வகுப்பின் உள்ளே மறைத்து வைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து அதனை நேரடியாகத் தொட இயலாது. வகுப்பு வழங்கும் வழிமுறைகளின் ஊடாகவே கேட்டுப் பெறவேண்டும். இப்பண்பு உறைபொதியாக்கம் எனப்படும். 1960களில் நார்வேயில் உருவான சிமுலா மொழியின் உரை என்னும் இனத்திலேயே, அடுத்த குறியுருவைப் பெறுவதற்கு 'கெட்சார்' என்ற வழிமுறை இருந்தது. பின்னர் வந்த சுமால்டாக் மொழியில் சரம் முழுமையான பொருளாயிற்று. 1995இல் வெளியான ஜாவா மொழியின் 'சார்அட்' என்னும் வழிமுறை இன்று மாணவர் பலரும் முதலில் கற்பதாகும்.

பொதுவாக இதன் வடிவம் பின்வருமாறு அமையும்:

சரம்.குறியுரு(சுட்டெண்)

சுட்டெண் என்பது வேண்டிய குறியுரு எந்த இடத்தில் உள்ளது என்பதைக் குறிக்கும் எண். ஜாவா, சி++, சி சார்ப், பைத்தான், ஜாவாசிகிரிப்டு ஆகியவற்றில் சுட்டெண் 0 இல் தொடங்கும். சுமால்டாக்கில் 1 இல் தொடங்கும். 0 இல் தொடங்குவதால், 13 குறியுருக்கள் கொண்ட சரத்தின் இறுதிக் குறியுருவின் சுட்டெண் 12 ஆகும். 13 என்று கேட்டால் ஜாவா விதிவிலக்கு ஒன்றை எழுப்பி நிரலை நிறுத்தும். ஜாவாசிகிரிப்டின் சார்அட் வழிமுறையோ எதுவும் நடவாததுபோல் வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும். பைத்தானில் -1 என்ற சுட்டெண் இறுதிக் குறியுருவைத் தரும்.

தொடர்ச்சியான சில குறியுருக்களைப் பெறுவதற்குத் துணைச்சரம் எடுக்கும் வழிமுறை பயன்படுகின்றது. ஜாவாவின் 'சப்ஸ்ட்ரிங்' வழிமுறைக்குத் தொடக்கச் சுட்டெண்ணும் முடிவுச் சுட்டெண்ணும் தரவேண்டும். முடிவுச் சுட்டெண்ணில் உள்ள குறியுரு விடையில் சேராது. ஜாவாவில் ஒருமுறை ஆக்கப்பட்ட சரத்தை மாற்ற இயலாது என்பதால், இவ்வழிமுறைகள் மூலச் சரத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிய சரத்தைத் தருகின்றன.

'மாட்டுத்தாவணி' என்னும் சரம்

மதுரையின் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் அமைந்துள்ள பகுதி மாட்டுத்தாவணி. தாவணி என்பதற்கு மாட்டுச் சந்தை என்று பொருள். இப்பெயரை எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் மா, ட், டு, த், தா, வ, ணி என ஏழு எழுத்துகளாகவே எண்ணுவர். ஆனால் ஜாவாவிடம் இச்சரத்தின் நீளத்தைக் கேட்டால் 13 என்ற விடை கிடைக்கும். ஒருங்குறியில் இச்சொல் சேமிக்கப்படும் முறை வருமாறு (பதின்ம எண்களில்):

0 : ம (2990)
1 : ா (3006)
2 : ட (2975)
3 : ் (3021)
4 : ட (2975)
5 : ு (3009)
6 : த (2980)
7 : ் (3021)
8 : த (2980)
9 : ா (3006)
10 : வ (2997)
11 : ண (2979)
12 : ி (3007)

முதல் எழுத்தைப் பெற எண்ணிச் சுட்டெண் 0 ஐத் தந்தால் 'மா' வருவதில்லை, 'ம' வருகின்றது. சுட்டெண் 1 இல் வெறும் கால் மட்டும் கிடைக்கும். இறுதிச் சுட்டெண்ணில் கிடைப்பது மெய்யும் இன்றி உயிரும் இன்றித் தனித்து நிற்கும் கொக்கி. திரையில் அது ஒரு புள்ளிவட்டத்தின்மேல் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் ஐந்து குறியுருக்களை எடுத்தால் 'மாட்ட' என்பது கிடைக்கும். முதல் ஐந்து எழுத்துகளோ 'மாட்டுத்தா' ஆகும்.

இவை பிழையாக எழுதப்பட்ட நிரலின் விடைகள் அல்ல. நிரல் கேட்டதை மொழி சரியாகவே தந்துள்ளது. கேட்கப்பட்டது குறியுரு, வேண்டியிருந்தது எழுத்து.

இலக்கணமும் ஒருங்குறியும்

தமிழ் இலக்கணப்படி மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கின்றது. ட் + அ = ட, ட் + உ = டு என்பது தொல்காப்பியம் முதலாக வழங்கிவரும் முறை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என எழுத்துகள் 247.

ஒருங்குறி இதனைத் தலைகீழாகக் கொள்கின்றது. அங்கு அடிப்படைக் குறியுரு அகரம் ஏறிய 'ட'. அதனுடன் புள்ளி என்னும் மற்றொரு குறியுருவைச் சேர்த்தால் அகரம் நீங்கி 'ட்' கிடைக்கும். எனவே இலக்கணத்தில் அடிப்படையாக உள்ள மெய் கணினியில் இரண்டு குறியுருக்களாகவும், இலக்கணத்தில் கூட்டாக உள்ள 'ட' ஒரே குறியுருவாகவும் உள்ளன. இம்முறை இந்திய மொழிகள் அனைத்தையும் ஒரே சட்டகத்துள் அடக்க முயன்ற இசுகி என்னும் இந்தியக் குறியாக்கத்திலிருந்து வந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தர அவை போதா. இம்முறை தமிழுக்குப் பொருந்துமா என்பது குறித்துத் தமிழ்க் கணிமையாளரிடையே நீண்ட விவாதம் நிகழ்ந்துள்ளது.

தவறான பிரிப்பின் விளைவுகள்

தமிழர் பெயர்களில் தந்தை பெயரின் அல்லது ஊர்ப் பெயரின் முதல் எழுத்து தலைப்பெழுத்தாக இடப்படுகின்றது. அரசு ஆணைகளிலும் ஆவணங்களிலும் பெயருடன் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. முழுப்பெயரிலிருந்து தலைப்பெழுத்தைத் தானே உருவாக்கும் நிரல், சுட்டெண் 0 இல் உள்ள குறியுருவை எடுத்தால் என்ன நிகழும்? உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் என்னும் பெயர் 'உ.வே.சா.' என்பதற்கு மாறாக 'உ.வ.ச.' என்று சுருங்கும். உயிரெழுத்தில் தொடங்கும் ஊர்ப்பெயர் மட்டுமே தப்பித்தது. அகரத்திலோ பிற உயிரெழுத்திலோ, அகரம் ஏறிய மெய்யிலோ தொடங்கும் பெயர்களுக்கு நிரல் சரியான விடையைத் தரும். 'அருணாசலம்', 'கந்தசாமி' போன்ற பெயர்களைக் கொண்டு மட்டும் சோதித்தால் பிழை வெளிப்படாது.

கட்சிப் பெயர்களில் இது மேலும் தெளிவாகத் தெரியும். திராவிட முன்னேற்றக் கழகம் தி.மு.க. எனவும், தமிழ் மாநில காங்கிரசு த.மா.கா. எனவும் சுருக்கப்படும். குறியுருவை எடுக்கும் நிரல் இவ்விரண்டு கட்சிகளுக்கும் 'த.ம.க.' என்ற ஒரே விடையைத் தரும். 2005இல் மதுரையில் தொடங்கப்பட்ட தே.மு.தி.க. 'த.ம.த.க.' ஆகிவிடும். தேர்தல் முடிவுகளைத் தொகுக்கும் நிரலில் இவ்வாறு நேர்ந்தால் இரு கட்சிகளின் வாக்குகள் ஒரே பெயரின்கீழ் சேர்ந்துவிடும்.

அகரவரிசைச் சுட்டிகளிலும் இச்சிக்கல் உண்டு. தமிழ் அகராதிகளில் ம, மா, மி எனத் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். முதற் குறியுருவைக் கொண்டு பகுத்தால் மதுரை, மாட்டுத்தாவணி, மேலூர் ஆகிய மூன்றும் 'ம' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடும்.

சரத்தைப் பின்னோக்கித் திருப்பும் பயிற்சி நிரலாக்க வகுப்புகளில் வழக்கமானது. 'விகடகவி' என்னும் சொல் இருபுறமிருந்தும் ஒன்றுபோலவே படிக்கப்படுவது. எழுத்துகள் ஐந்து, குறியுருக்கள் ஏழு. குறியுருக்களைத் திருப்பினால் முதலில் தனிக்கொக்கி ஒன்று வந்து நிற்கும். அதன்பின் 'வ', 'க', 'ட' என வந்து, மூலச் சொல்லில் இல்லாத 'கி' என்னும் எழுத்து தோன்றி, 'வ' என்று முடியும். விகடகவி மாலைமாற்று அன்று என்று நிரல் தீர்ப்பளிக்கும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியுள்ளார். அது மூன்றாம் திருமுறையில் உள்ளது. அப்பதிகத்தை இவ்வாறான நிரலால் சோதிப்பது பயனற்றது.

நீளத்தைக் கட்டுப்படுத்தி வெட்டும் இடங்களில் இழப்பு இன்னும் மிகுதி. ஒருங்குறியின் 8-பிட்டு வடிவமான யூடிஎப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் மூன்று பைட்டுகள் கொள்ளும். மாட்டுத்தாவணிக்கு 39 பைட்டுகள் தேவை. தரவுத்தளத்தில் ஊர்ப்பெயருக்கு 20 பைட்டுகள் மட்டும் ஒதுக்கப்பட்டு, மிகுதி கண்மூடித்தனமாக வெட்டப்பட்டால், 'மாட்டு' என்பதற்கு 18 பைட்டுகள் போக, அடுத்த தகரத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் எஞ்சும். அவை எந்த எழுத்தையும் குறிக்காத சிதைவு. குறுஞ்செய்தியிலும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்தில் 160 குறியுருக்கள் கொள்ளும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70 மட்டுமே இடம். அந்த 70இல் மாட்டுத்தாவணி என்ற ஒரு சொல்லே 13ஐ எடுத்துக்கொள்ளும்.

எழுத்துவாரியாகப் பிரித்தல்

ஒருங்குறித் தமிழ்ச் சரத்தை எழுத்துகளாகப் பிரிப்பது கடினமன்று. கால், கொக்கி, கொம்பு, புள்ளி முதலிய துணைக்குறிகள் ஒருபோதும் தனியே நில்லா. தமக்கு முன்னுள்ள குறியுருவோடு சேர்ந்தே எழுத்தாகும் என்பதை நினைவிற் கொண்டால் போதும். துணைக்குறிகள் 3006 முதல் 3021 வரையான எண்களுக்குள் உள்ளன. இவற்றோடு ஔகாரத்தின் வலப்பகுதியாகிய 3031 உம் சேரும்.

எழுத்துகள் = வெற்றுப் பட்டியல்
சரத்தின் ஒவ்வொரு குறியுருவுக்கும்:
    அது துணைக்குறி எனில்: பட்டியலின் இறுதி உறுப்போடு ஒட்டுக
    இல்லையெனில்: பட்டியலில் புதிய உறுப்பாகச் சேர்க்க

மாட்டுத்தாவணிக்கு இதனைச் செய்துபார்த்தால் ஏழு உறுப்புகள் கிடைக்கும். ஆய்த எழுத்து துணைக்குறி அன்று என்பதால் 'அஃது' போன்ற சொற்களில் அது தனி எழுத்தாகவே நிற்கும். சரம் துணைக்குறியிலேயே தொடங்கினால் ஒட்டுவதற்கு முந்தைய உறுப்பு இராது. முன்பே தவறாக வெட்டப்பட்ட சரங்களில் இது நேரும் என்பதால் நிரலில் அதற்கும் இடமளிக்க வேண்டும்.

எகர, ஏகார, ஐகார உயிர்மெய்களில் கொம்பு மெய்க்கு இடப்புறம் எழுதப்பட்டாலும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகின்றது. ஆகவே மேற்கண்ட முறையில் மாற்றம் தேவையில்லை. ஒகர வரிசையில் மட்டும் வேறொரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை க + ொ (3018) என இரண்டு குறியுருக்களாகவும் சேமிக்கலாம்; க + ெ (3014) + ா (3006) என மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கோ வெவ்வேறு சரங்கள். பிரிப்பதற்கு முன் சரத்தை இயல்புநிலைப்படுத்தினால் இரண்டும் முதல் வடிவத்திற்கு வந்துவிடும். சேர்வடிவ இயல்பாக்கம் என்னும் இதற்கான செயற்கூறுகள் பெரும்பாலான மொழிகளில் உள்ளன.

'க்ஷ', 'ஸ்ரீ' ஆகிய கிரந்த எழுத்துகள் மற்றொரு விலக்கு. மேற்கண்ட முறை இவற்றை க் + ஷ, ஸ் + ரீ எனப் பிரித்துவிடும். ஒருங்குறி தமிழுக்கு வழங்கியுள்ள பெயரிடப்பட்ட தொடர்களில் க்ஷ வரிசையும் ஸ்ரீயும் தனி எழுத்துகளாகவே இடம்பெறுகின்றன. ஆயினும் எழுத்துத் தொகுப்புகளைப் பிரிக்க ஒருங்குறி தரும் பொதுவிதி இவற்றைச் சேர்ப்பதில்லை. 2023இல் கூட்டெழுத்துகளைச் சேர்த்து எண்ணும் விதி தேவநாகரி, வங்காளம், குசராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றுக்குச் சேர்க்கப்பட்டபோதும் தமிழ் அதில் இடம்பெறவில்லை. தமிழில் புள்ளி பெற்ற மெய் தனி எழுத்தாகவே எண்ணப்படுவதால் இது பொருத்தமே. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியே கவனிப்பது நிரலாளரின் பொறுப்பு.

வகுப்பாக அமைத்தல்

இப்பிரிப்பை ஒவ்வோர் இடத்திலும் திரும்பத் திரும்ப எழுதாமல் 'தமிழ்ச்சரம்' என்ற வகுப்பாக அமைப்பதே பொருள் நோக்கு முறைக்கு ஏற்றது. ஜாவாவிலும் சி சார்ப்பிலும் மொழியின் சர வகுப்பு மரபுரிமம் பெற இயலாதவாறு மூடப்பட்டுள்ளது. ஆதலால் அதிலிருந்து புதிய வகுப்பைத் தோற்றுவித்து வழிமுறையை மாற்றி எழுத இயலாது. சரத்தை உறுப்பாகக் கொண்ட வேறொரு வகுப்பையே எழுதவேண்டும். பைத்தானில் அத்தடை இல்லை.

அவ்வகுப்பு, பொருள் ஆக்கப்படும்போதே சரத்தை ஒருமுறை எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலில் வைத்துக்கொள்ளும். எழுத்து(0) என்று கேட்டால் 'மா', நீளம் கேட்டால் 7, திருப்பு என்றால் 'ணிவதாத்டுட்மா' எனத் தரும். உள்ளே குறியுருக்கள் எவ்வாறு உள்ளன என்பதை வகுப்பைப் பயன்படுத்துபவர் அறியவேண்டியதில்லை. முன்கூட்டியே பிரித்துவைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சார்அட் எந்தச் சுட்டெண்ணுக்கும் உடனே விடை தரும்; ஆனால் ஐந்தாவது எழுத்து எங்குள்ளது என்பதை அறியத் தொடக்கத்திலிருந்தே எண்ணிவர வேண்டும். நீண்ட உரையில் ஒவ்வொரு முறையும் இவ்வாறு எண்ணினால் நிரல் மிகவும் தாமதமாகும்.

நிரல்மொழிகளில்

சி++ மொழியின் இயல்பான சர வகுப்பு பைட்டுகளையே அறியும். யூடிஎப்-8 இல் உள்ள எந்தத் தமிழ்ச் சொல்லின் முதல் உறுப்பைக் கேட்டாலும் 224 என்ற ஒரே பைட்டு கிடைக்கும். தமிழ்க் குறியுருக்கள் அனைத்தும் அந்தப் பைட்டிலேயே தொடங்குகின்றன. ஜாவாவும் ஜாவாசிகிரிப்டும் 16-பிட்டு அலகுகளை எண்ணுகின்றன. ஜாவாவில் எழுத்துவாரியாகப் பிரிக்க 'பிரேக்இட்டரேட்டர்' என்னும் வகுப்பும், ஜாவாசிகிரிப்டில் 'செக்மென்டர்' என்னும் வகுப்பும் உள்ளன. 2008இல் வந்த பைத்தான் 3 ஒருங்குறிக் குறியுருக்களை எண்ணும். அதற்கு முந்தைய பைத்தான் 2 இன் இயல்பான சரம் பைட்டுகளாக இருந்தது. பைத்தானுக்கு, எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலானோரின் முயற்சியில் உருவான ஓப்பன்-தமிழ் நிரலகம் உள்ளது. எழுத்துகளைப் பிரிக்கும் செயற்கூறு அதில் ஆயத்தமாகவே கிடைக்கும். சி சார்ப்பில் 'ஸ்ட்ரிங்இன்போ' வகுப்பு இப்பணியைச் செய்கின்றது.

2014இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட சுவிப்டு மொழி இவற்றினின்று வேறுபட்டது. அதில் குறியுரு என்பதே பயனர் காணும் முழு எழுத்துத் தொகுப்பு. மாட்டுத்தாவணியின் நீளம் அங்கு 7. எண்ணைச் சுட்டெண்ணாகத் தந்து எழுத்தைப் பெறவும் சுவிப்டு அனுமதிப்பதில்லை. தமிழ், இந்தி முதலிய மொழிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த இச்சிக்கல், பல குறியுருக்கள் சேர்ந்து ஒன்றாகத் தோன்றும் முகக்குறிகள் கைபேசிகளில் பரவிய பின்னரே உலக அளவில் நிரலாளர்களால் பரவலாக உணரப்பட்டது.

பிற குறியாக்கங்களில்

ஒருங்குறிக்கு முன் இணையத்தில் பரவலாக இருந்த திசுக்கி 8-பிட்டுக் குறியாக்கத்தில் மெய்யெழுத்துகளுக்கும், உகர ஊகார உயிர்மெய்களுக்கும் தனி இடங்கள் இருந்தன. அதில் மாட்டுத்தாவணி ம, ா, ட், டு, த், த, ா, வ, ண, ி எனப் பத்துக் குறியுருக்கள். ஆனால் கொம்புகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்னரே சேமிக்கப்பட்டன. ஆகவே 'மேலூர்' என்பதன் முதற் குறியுரு மகரம்கூட அன்று, வெறும் இரட்டைக்கொம்பு. தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்க 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல முதலில் திசுக்கியிலேயே வெளிவந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியபோது, ஒவ்வொரு கொம்பையும் பிரித்தெடுத்து அடுத்துள்ள மெய்க்குப் பின்னால் நகர்த்தவேண்டியிருந்தது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் மெய்யின் இருபுறமும் உள்ள குறிகளை ஒன்றாக்க வேண்டியிருந்தது. பழைய கோப்புகளை இன்று மாற்றுவோருக்கும் இதே வேலைதான்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே 16-பிட்டு எண் தரும் டேசு-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தை, 2010 சூன் மாதம் தமிழ்நாடு அரசு ஒருங்குறிக்கு மாற்றாகப் பயன்படுத்தத்தக்க தரமாக ஏற்றது. அக்குறியாக்கத்தில் மாட்டுத்தாவணி ஏழே குறியுருக்கள்; சார்அட் வழிமுறையே எழுத்தைத் தந்துவிடும். எனினும் அதன் எண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், அதற்கென உருவாக்கப்பட்ட எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் இல்லாத கணினியில் அவை வெற்றுக் கட்டங்களாகவே தோன்றும். இணையத்திலும் கைபேசிகளிலும் பயன்படுவது ஒருங்குறியே.